இடம் மாறிய உளி

வீட்டின் பின்தாழ்வாரத்தில் சிறியதொரு தச்சுப் பட்டறை வைத்திருப்போர் நம்மிடையே இன்றும் உள்ளனர். பிழைப்புக்காக அன்று, ஆடும் நாற்காலிக்கு ஒரு கால் போடவும், சுரூபத்திற்கு ஒரு மாடம் செய்யவும், பேரப்பிள்ளைக்கு நடைவண்டி செய்து கொடுக்கவுமே. நாமும் அவர்களுள் ஒருவர். இரண்டு இழைப்புளிகள், ஒரு கைவாள், கால் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை ஆறு உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், அரம், சாணைக்கல்: நம் பட்டறைச் சொத்து இவ்வளவே. இவற்றை ஒழுங்காக வைப்பது ஓர் அறக்கடமையா, வெறும் வசதிக்கான பழக்கமா என்று முன்னொரு காலத்தில் எவரேனும் கேட்டிருந்தால் சிரித்திருப்போம்.

கருவிகளைப் பற்றி மட்டும் பேசினால் விடை எளிது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் குவித்தால் உளியின் வாய் அரத்தில் மோதி மூளியாகும். வாளின் பற்கள் சுத்தியல் தலையில் உரசி மழுங்கும். கைவியர்வையின் உப்பு படிந்த இரும்பைத் துடைக்காமல் விட்டால், மழைக்காலத்தில் மறுநாளே பெருவிரல் பதிந்த இடம் துருவாகத் தெரியும். ஆகவே எண்ணெய் தோய்ந்த துணியால் துடைக்க வேண்டும். உளிகளைச் சுவர்ச்சட்டத்தில் தனித்தனித் துளைகளில் நிறுத்த வேண்டும். சிலர் சுவர்ப்பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவையும் வண்ணத்தால் வரைந்து, அதன்மேல் கருவியை மாட்டுவர். எடுத்த கருவி திரும்பாவிடில் அந்த வெற்று உருவம் மாலையில் நம்மைப் பார்த்தபடி நிற்கும்.

நம்மிடம் அன்று அத்தகைய பலகை இருந்ததில்லை. இருந்தது ஒரு பழைய மரப்பெட்டியும், நம் நினைவாற்றலைப் பற்றிய பெருமையும்.

சனிக்கிழமைகளில் அடுத்த தெருச் சிறுவன் ஒருவன் நமக்கு உதவ வருவான். பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான், சுறுசுறுப்பானவன். ஒரு நாள், தந்தையார் நமக்கு விட்டுச்சென்ற முக்கால் அங்குல உளியைக் காணவில்லை. அவ்வாண்டு மே 1 அன்று, புனித யோசேப்பின் விழாவில், மற்றக் கருவிகளோடு ஆலயத்திற்குக் கொண்டுசென்று மந்திரித்து வாங்கிய உளி அது. திருடினாயா என்று நாம் கேட்கவில்லை. "அந்த உளியைப் பார்த்தாயா, தம்பி?" என்றுதான் கேட்டோம். ஆனால் மூன்று முறை கேட்டோம். மூன்றாம் முறை அது கேள்வியாக இல்லை. அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. வராததையே சான்றாக எடுத்துக்கொண்டோம். மூன்று வீடுகளில் வருத்தத்தோடு சொல்லவும் செய்தோம். வருத்தத்தோடு சொல்லும் அவதூறுக்கு வலிமை அதிகம்.

எட்டு மாதங்களுக்குப்பின், அடுக்கி வைத்திருந்த பலகைகளை இடம் மாற்றியபோது உளி கிடைத்தது. ஈரப்பலகைகளுக்கிடையே காற்றோட வேண்டிச் சிறு சட்டங்கள் வைப்பது வழக்கம். ஒரு சட்டம் குறைந்தபோது, அவசரத்தில் நாமே அதனைச் செருகியிருக்கிறோம். அந்த மூடத்தனம் வேறெவர் கைவேலையும் அன்று.

தம் அயலாரின் கண்ணில் உள்ள துரும்பையும் தம் கண்ணில் உள்ள மரக்கட்டையையும் பற்றி இயேசு சொன்னதைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். அது பட்டறையில் வளர்ந்தவரின் உவமை என்பதும், தீர்ப்பிடுதலைப் பற்றியே அவர் அதனைச் சொன்னார் என்பதும் அன்றுதான் நமக்கு உறைத்தது. நாமோ மெய்யாகவே மரக்கட்டைகளின் நடுவில் நின்றுகொண்டிருந்தோம்.

ஆறாம் நூற்றாண்டில் துறவியருக்கு ஒழுங்குமுறை வகுத்த புனித ஆசீர்வாதப்பர், மடத்தின் பொருள்களையெல்லாம் பீடத்தின் திருப்பாத்திரங்களாகவே கருதுமாறு பண்டகக் காப்பாளருக்குப் பணித்தார். அடுத்த அதிகாரத்தில், கருவிகள் கைமாறும்போது எதைக் கொடுத்தோம், எதைத் திரும்பப் பெற்றோம் என்று அறிவதற்காக மடாதிபதி ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்கிறார். இதை முன்பு படித்தபோது சிக்கனம் என்று நினைத்தோம். இன்று அப்பட்டியல் சகோதரர்களுக்கும் ஒரு பாதுகாப்பாகத் தோன்றுகிறது. தன் பொருள் எங்கே இருக்கிறது என்று அறியாதவனுக்கு எதிரில் நிற்பவர் எல்லாரும் ஐயத்திற்குரியவரே.

ஆயினும் இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. ஒழுங்கு மிக்கவரே விரைவில் குற்றம் சாட்டுவார். வெற்று உருவத்தைக் கண்டதும், "நான் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும்" என்பார். பட்டறையை அருங்காட்சியகம்போல் அலங்கரித்து, ஒரு பலகையும் இழைக்காமல், இரவல் கேட்டு வருபவரை வாசலிலேயே நிறுத்தும் நண்பர்களையும் அறிவோம். எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள் என்று நமக்கு அறிவுரை சொன்னவர் உண்டு. பூட்டு என்பது வருபவர் அனைவர்மீதும் முன்கூட்டியே வைக்கும் ஐயம் அல்லவா? எனவே பலகையை வரைந்தோம்; பூட்டு வாங்கவில்லை. உருவம் வெறுமையாய் நின்றால் முதலில் நம் கைகளையே விசாரிப்பது என்று முடிவு செய்தோம். மறதி குற்றமாகாது, மறந்திருக்கக்கூடும் என்பதை மறுத்ததுதான் நம் குற்றம்.

போதிய ஆதாரமின்றிப் பிறர் குற்றத்தை உள்ளத்திற்குள் உண்மையென ஏற்பதும் எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவமே என்று 1992-இல் வெளியிடப்பட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. பாவம் மன்னிக்கப்பட்ட பின்னும் ஈடு செய்யும் கடமை எஞ்சி நிற்கிறது என்றும் அது கூறுகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவானவர் நமக்குச் சொன்னதும் அதுவே: "முதலில் அந்தப் பையனிடம் போங்கள்."

ஈடு செய்வது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. அந்த மூன்று வீடுகளுக்கும் சென்று உண்மையைச் சொன்னோம். ஒரு வீட்டில், "எந்தப் பையன்? என்ன உளி?" என்று கேட்டனர். மறந்துபோனவர்களுக்கு அவதூறை மீண்டும் முழுவதுமாகச் சொல்லித்தான் அதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. மற்றொரு வீட்டிலோ, "அப்படியென்றாலும் அவன் சரியில்லைதான்" என்றனர். நாம் இட்ட விதை நம் கைக்கெட்டாமல் வளர்ந்துவிட்டிருந்தது.

கடைசியாக அவன் வீட்டிற்குச் சென்றோம். அவன் தாயார் கதவருகிலேயே நின்றார், உட்காரச் சொல்லவில்லை. துடைத்துத் தீட்டிய உளியைக் காட்டி, அது கிடைத்த இடத்தையும் செருகியவர் யார் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். அவன் உளியை வாங்கி, வாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தான்.

"பரவாயில்லை, சார்" என்றான்.

முன்பெல்லாம் நம்மை மாமா என்றுதான் அழைப்பான்.