காய்க்கிற மரத்தில் கத்தி

வயது முதிர்ந்து, மூன்று தலைமுறைக்குப் பழம் கொடுத்து, கொல்லைப்புறம் முழுவதையும் தன் நிழலால் மூடி நிற்கும் ஒரு மாமரத்தின் கிளைகளைக் கழிக்க வேண்டும் என்ற பேச்சு ஒரு வீட்டில் எழும்போது, அந்த வீட்டுப் பெரியவர்களில் ஒருவராவது, 'காய்க்கிற மரத்தில் கத்தி வைக்கலாமா?' என்று கேட்காமல் இருப்பதில்லை. இளையவர்கள் அந்தக் கேள்வியை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தோட்டக்கலை தெரிந்தவர்களோ, 'மரத்தின் நன்மைக்காகத்தானே செய்கிறோம்' என்ற ஒரே சமாதானத்தால் அதை அடக்கிவிடுகிறார்கள். எனக்கு இந்த இரண்டு பதில்களிலும் திருப்தியில்லை. ஏனெனில், அது நம் தர்ம சாஸ்திரங்களும் தத்துவ நூல்களும் மிகுந்த சிரத்தையோடு எடுத்துக்கொண்ட கேள்வி; கத்தியை எடுக்கிறவன் யாருடைய பிரயோஜனத்துக்காக எடுக்கிறான் என்பதை மறைக்காமல் சொல்லிக்கொள்ள அவனால் முடிகிறதா என்பதே அதன் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன்.

மரத்துக்கு ஜீவன் உண்டா என்ற விசாரணை நம் நாட்டில் மிகப் பழமையானது. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அறிவின் படிகளால் வகுக்கும்போது, புல்லையும் மரத்தையும் தொடுவுணர்ச்சி ஒன்றே உடைய ஓரறிவுயிர்களாக முதற்படியில் வைக்கிறது. ஜைன ஆசாரியர்களும் அவற்றை ஏகேந்திரிய ஜீவன்கள் என்றே கணக்கிட்டு, அவற்றுக்கு இழைக்கும் தீங்கையும் ஹிம்சையிலே சேர்த்தார்கள். மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில், மரங்களுக்கு உணர்வு ஏது என்று பரத்வாஜர் ஐயுற்றுக் கேட்க, பிருகு மகரிஷி, வெப்பத்தில் இலை வாடுவதையும், இடியோசையில் பூவும் பழமும் உதிர்வதையும், கொடி வழி கண்டு மரத்தைச் சுற்றிப் படர்வதையும், வேர் நீர் பருகுவதையும் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, கடைசியில் இரண்டு காரணங்களை வைக்கிறார்: மரம் சுகதுக்கங்களை ஏற்கிறது, வெட்டிய இடத்தில் மறுபடி முளைக்கிறது, ஆகவே அதற்கு ஜீவன் உண்டு. கவாத்துச் செய்கிறவன் நம்பியிருப்பதும் அந்த இரண்டாவது காரணத்தைத்தான்; தளிர்க்கும் என்ற உறுதி இல்லாவிட்டால் எந்தத் தோட்டக்காரனும் காய்க்கிற மரத்தில் ரம்பத்தை வைக்கமாட்டான். நம்முடைய வேலைக்கு ஆதாரமாக இருக்கும் உண்மையே அந்த வேலைக்கு ஆட்சேபணையாகவும் எழுந்து நிற்பதை நினைத்தால், 'வெறும் மரந்தானே' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆனால் அதே பரம்பரை கத்தியை முற்றிலும் விலக்கிவிடவும் இல்லை. பௌத்த பிக்ஷுக்களுக்கு ஏற்பட்ட விநய விதி, வளர்ந்து நிற்கும் செடிகொடிகளைச் சேதப்படுத்துவதையே குற்றமாக்கியது. அது உலகைத் துறந்தவர்களுக்கு. கிருஹஸ்தனுக்கு வேறு நியாயம் சொல்லப்பட்டது. பழம் தரும் மரத்தை வெட்டியவன் நூறு ருக்குகளை ஜபித்துப் பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டும் என்று மனு ஸ்மிருதி விதிக்கிறது. வராகமிகிரர் 6-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்ஹிதையின் விருட்சாயுர்வேத அத்தியாயமோ, நோயுற்ற மரத்துக்கு முதற்சிகிச்சையே சஸ்திரத்தால் சுத்தி செய்வதுதான் என்று கூறி, அதன் பிறகு வாய்விடங்கமும் நெய்யும் சேறும் குழைத்துப் பூசி, பாலும் நீரும் கலந்து ஊற்றச் சொல்கிறது. விக்கிரகம் செய்வதற்காக மரம் வெட்டப் போகிறவன், முதல் நாள் இரவு அங்கே பூஜையும் பலியும் செய்து, அந்த மரத்தில் வாசம் செய்யும் பூதங்களை வேறிடம் போய்த் தங்குமாறு பிரார்த்திக்க வேண்டும் என்பதும் அந்த நூலிலேயே இருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறபோது, கத்தி அனுமதிக்கப்பட்டதே தவிர, அதைப் பிடித்தவனுக்கு 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்று சொல்லிக்கொள்ளும் அனுமதி ஒருபோதும் கொடுக்கப்படவில்லை என்பது புலப்படும்.

'காட்டில் மரங்களுக்கு யார் கவாத்துச் செய்கிறார்கள்? அப்படியே விட்டுவிடுவதல்லவா அஹிம்சை?' என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விதான், காட்டு மரம், வெளிச்சம் படாத தன் கீழ்க்கிளைகளைத் தானே பட்டுப்போகச் செய்து உதிர்த்துக்கொள்கிறது என்பதும் மெய்தான். ஆயினும் கொல்லை மரம் காட்டு மரமல்ல. ஒரு கன்றின் தலையை அறுத்து, வேறொரு நல்ல மரத்தின் கொப்பை அதில் பொருத்தி ஒட்டுக் கட்டிய நாளிலேயே மனிதனுடைய கத்தி அதன் வாழ்வில் பிரவேசித்துவிட்டது. பழத்தின் பருமனுக்கும் இனிப்புக்கும் என்று தேர்ந்தெடுத்த ஜாதியைச் சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவே நட்டு, குடத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர்கள் நாம். பாரம் தாங்காமல் நீண்டுவிட்ட ஒரு கிளை ஐப்பசிக் காற்றில் முறியும்போது, அடிமரத்துப் பட்டையையும் நார் நாராக உரித்துக்கொண்டுதான் விழுகிறது. அந்தத் திறந்த காயம், முதிய மாமரங்களுக்கு எமனாக வாய்த்த தண்டு துளைக்கும் வண்டு முட்டையிடுவதற்கும், அழுகல் உள்ளே இறங்குவதற்கும் வாசலாகிறது. அப்படி விழும் என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டிருந்தவன், தன்னை அஹிம்சாவாதி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. நட்டவன் விலகி நிற்பதற்கு, பிக்ஷு விலகி நிற்பதற்குள்ள அர்த்தம் கிடையாது.

இனி, மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்போம். முதலில் கண்ணுக்குப் படுவது பட்ட கிளைகள். சாந்தோக்ய உபநிஷத்தில் உத்தாலக ஆருணி தன் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்கிறார்: மரத்தின் அடியில் வெட்டினாலும் நடுவில் வெட்டினாலும் நுனியில் வெட்டினாலும் அது சாறு வடித்துக்கொண்டே உயிரோடு நிற்கிறது, ஜீவன் எந்தக் கிளையை விட்டு விலகுகிறதோ அந்தக் கிளை உலர்கிறது, மரம் முழுவதையும் விட்டு விலகினால் முழுவதும் உலர்கிறது. ஜீவன் தானாக விலகிப்போன கிளையை அறுப்பதில் எந்த ஹிம்சையும் இல்லை. அதில் யோசிக்க வேண்டியதும் இல்லை.

புல்லுருவியிடம் வரும்போதுதான் யோசனை பிறக்கிறது. வயதான மாமரத்தில் அது இல்லாமலிருப்பது அபூர்வம். சிறு பறவைகள் அதன் கனியைத் தின்று, பசைபோல் ஒட்டும் விதையை ஏதாவதொரு கிளையில் இட்டுவிட்டுப் போக, அது பட்டையைத் துளைத்து வேரை உள்ளே செலுத்தி, ஒட்டிய இடத்தில் கழலைபோல் புடைத்து, மாவிலையினின்று நிறத்திலும் தடிப்பிலும் வேறுபட்ட தன் இலைக் கொத்தை வெளியே விரிக்கிறது. மரம் மண்ணிலிருந்து ஏற்றிக் கொண்டுவரும் நீரையும் உப்பையும் அது இடைமறித்து உறிஞ்சிக்கொள்வதால், அதற்கு அப்பாலுள்ள கிளைநுனி இளைத்து, காய்ப்பு நின்று, சில வருஷங்களில் காய்ந்தும்போகிறது. கொத்தை மட்டும் பிடுங்கினால் மறுபடி தழைக்கும். கழலைக்குக் கீழே, நல்ல கட்டையோடு சேர்த்து அறுக்க வேண்டும். இதைவிட நியாயமான கவாத்து வேறில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் புல்லுருவியும் ஓர் ஓரறிவுயிரே. செம்மஞ்சள் நிறத்தில் நீண்ட குழல்களாக மலரும் அதன் பூக்களில் தேன்சிட்டு வந்து தேன் குடிக்கிறது. அதன் கனி வேறு குருவிகளுக்கு ஆகாரம். மாமரத்துக்கும் அதற்கும் நடக்கிற வழக்கில் நான் மாமரத்தின் பக்கம் தீர்ப்பளிப்பதற்குக் காரணம், மாமரம் எனக்குப் பழம் தருகிறது, புல்லுருவி தரவில்லை என்பதுதான். படைப்பின் நியாயம் முழுவதும் என் கட்சியில் இருக்கிறது என்று பாவனை செய்ய எனக்கு உரிமையில்லை. ஆயினும் நான் அறுக்கவே செய்வேன். மரத்தை நட்டு வளர்த்து அதன் பழத்தை உண்டவனுக்கு அந்த மரத்தின்மீது கடமை இருக்கிறது.

பச்சைக் கிளைகளின் விஷயம் இன்னும் கடினம். ஒன்றோடொன்று உரசிப் புண்படுத்திக்கொள்ளும் இரண்டில் ஒன்றையும், வெயிலும் காற்றும் நுழைய முடியாதபடி நடுவில் அடர்ந்துவிட்ட உள்கிளைகளையும் எடுப்பது மரத்துக்கும் பழத்துக்கும் நல்லது. ஓட்டுக்கூரையின் மேல் சாய்ந்ததை எடுப்பதும், மின்கம்பியைத் தொடுவதை எடுப்பதும், எட்டிப் பறிக்க வசதியாக உச்சியைக் குறைப்பதும் நமக்கு நல்லது. மரத்துக்கு அவற்றால் லாபம் எதுவுமில்லை. இலைதான் மரத்தின் அடுக்களை. அதை அளவுக்கு மீறி அகற்றினால் வேர் பட்டினி கிடக்கிறது, நிழலிலேயே இருந்து பழகிய பட்டை திடீரென்று வெயிலுக்கு முகம் கொடுத்து வெடிக்கிறது, இழந்த இலையை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று வெட்டுவாய் தோறும் போத்துகள் நெருக்கமாகக் கிளம்புகின்றன. அந்தப் போத்துகளைக் கண்டு, 'பார்த்தீர்களா, மரம் எவ்வளவு உற்சாகமாகத் தழைக்கிறது!' என்று மகிழ்கிறவர்கள், மரத்தின் தவிப்பைச் சந்தோஷமென்று எண்ணிக்கொள்கிறார்கள். ஒரே தடவையில் கால் பாகத்துக்கு மேல் பச்சையை எடுக்காமலிருப்பது உத்தமம். கூரைக்காக வெட்டுகிறபோது கூரைக்காக என்றே சொல்லிக்கொண்டு வெட்டினால், கூரைக்கு வேண்டிய அளவோடு கை நின்றுவிடும். 'மரத்தின் நன்மைக்கு' என்று சொல்லத் தொடங்கினாலோ எங்கே நிறுத்துவது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. அஹிம்சைக்குச் சத்தியம் துணை நிற்க வேண்டும் என்பதன் பொருளை இந்த இடத்தில்தான் நான் கண்டேன்.

வெட்டும் விதத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. பருத்த கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால், பாதி அறுபடும்போதே தன் பாரத்தால் முறிந்து, அடிமரத்துப் பட்டையைக் கிழித்துவிடும். ஆகவே, அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்பக்கத்தில் கொஞ்சம் அறுத்து, பிறகு அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்தி, எஞ்சிய கட்டையை மூன்றாவதாக அறுக்க வேண்டும். கிளை பிறக்கும் இடத்தில், சுருக்கங்கள் விழுந்த ஒரு தடித்த வளையம் இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தாலே அகப்படும். மூன்றாவது அறுப்பு அந்த வளையத்துக்கு வெளியே, அதை ஒட்டினாற்போல் விழவேண்டும். வளையம் தப்பினால் அதிலிருந்து புதுப்பட்டை சுருண்டு வளர்ந்து காயத்தின் வாயை மூடும். அடிமரத்தோடு மட்டமாக இழைத்துவிட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும். மூடும் சக்தி போய்விடும்.

அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து உட்புறத்தைப் பரிசோதித்து, 1977-இல் வெளியிட்ட கருத்து ஒன்று என்னை வெகுநாள் சிந்திக்க வைத்தது. மனித உடம்பின் புண் ஆறுவதுபோல் மரத்தின் புண் ஆறுவதில்லை. சேதமான கட்டையை மரம் புதுப்பித்துக்கொள்ளாது. அதைச் சுற்றி உள்ளே சுவர்கள் எழுப்பி, அழுகலை அங்கேயே சிறைப்படுத்திவிட்டு, வெளிப்புறத்தில் புதிய கட்டையை வளர்த்துக்கொண்டு போகிறது. ஆகவே நாம் செய்யும் ஒவ்வொரு வெட்டும், பட்டை மூடிய பிறகும், மரம் வாழும் காலம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, துன்பத்தைப் பற்றி நாம் சொல்லும் ஒரு பிரசித்தமான ஆறுதல் எனக்கு முன்போல் எளிதாக வாயில் வருவதில்லை. குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம், 'பகவான் பக்குவப்படுத்துகிறார். தோட்டக்காரன் கிளையைக் கழிப்பது மரம் செழிப்பதற்குத்தானே' என்று சொல்லும் நல்லவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த எண்ணத்துக்கு உயர்ந்த ஆதாரங்களும் உண்டு. யோவான் சுவிசேஷத்தில், கனி கொடுக்கும் கிளையைப் பிதாவானவர் அதிகக் கனிக்காகச் சுத்தம் செய்கிறார் என்று இயேசு சொல்கிறார். வைத்தியன் அறுத்துச் சுட்டாலும் அவனிடம் அன்பு மாறாத நோயாளியின் நிலையைத் தன் நிலையாகக் குலசேகர ஆழ்வார் பாடுகிறார். ஆனால் இவற்றைச் சொன்னவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். இயேசு தம்மைத் திராட்சைச் செடியாகவே கூறிக்கொண்டார். அந்த வார்த்தை மறுநாள் சிலுவையேறப் போகிறவருடையது. ஆழ்வார் பேசுவதும் நோயாளியின் இடத்திலிருந்தே. வெட்டுப்பட்டவர் தம் காயத்தைப் பார்த்து, 'இது என் நன்மைக்கே' என்று சொன்னால் அது பக்தி. அதற்கு மேலான நிலை இல்லை. பக்கத்தில் நிற்பவன் அதையே சொன்னால் அது கொடுமை. கத்தியைப் பிடித்திருப்பவன் சொன்னாலோ, தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் நற்சாட்சிப் பத்திரம். மரம் வாய் திறவாது. அதன் சார்பில் அந்த வாக்கியத்தைச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

வாசகர்களில் கொல்லையில் மாமரம் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரம் ஏறுகிறவரை அனுப்பிவிட்டு நீங்கள் உள்ளே போய்விடாதீர்கள். எந்தக் கிளை, எதற்காக என்று கீழே நின்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கூடு இருக்கும் கிளையை, குஞ்சுகள் பறந்து போகும்வரை விட்டுவையுங்கள். வெட்டுவாயில், மயில்துத்தமும் சுண்ணாம்பும் வகைக்கு ஒரு கிலோ எடுத்துப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்த போர்டோ பசையைப் பூசுவது நம் பக்கத்து வழக்கம். பறிப்பு ஓய்ந்தபின், ஐப்பசி மழைக்கு முன்பாக, ஆகஸ்டு செப்டம்பரில் வேலை முடியட்டும். தாமதித்தால் தை மாதத்துப் பூவுக்கு வேண்டிய கொப்புகள் முற்றுவதற்கு அவகாசம் இராது. உள்கிளைகளை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கழித்தால் போதும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.