அறமும் அரசியல் தேவையும்

அரசியற் போராட்டத்தின் நடுவே அறத்தைப் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் பலவீனம் என்று கருதுவோர் முற்போக்காளரிடையே இன்றும் உளர். அவர்களுடைய வாதம் முழுவதும் பிழையன்று. கையில் அழுக்குப் படாமல் ஒதுங்கி நிற்பவனால் எந்தச் சமுதாயமும் மாறியதில்லை. ஆயினும் 'தேவை' என்னும் சொல்லை மாறாத இயற்கை விதியொன்றைப் போல அவர்கள் கையாளும்போது, அவர்களைத் துன்பியல் நாடகத்தின்பால் திருப்ப வேண்டியதாகின்றது.

கி. மு. 5ஆம் நூற்றாண்டில் சொபக்கிளிஸ் இயற்றிய 'அன்ரிகனி'யை எடுத்துக்கொள்வோம். தீப்ஸ் நகரின்மீது படையெடுத்து வந்து மடிந்த பொலினைசிசின் உடலை அடக்கம் செய்யலாகாதென மன்னன் கிரியோன் ஆணையிடுகின்றான். தங்கை அன்ரிகனி அதனை மீறுகின்றாள். இரு நியாயங்களின் மோதலே இந்நாடகம் என்றார் ஹெகல். சிறந்த விளக்கந்தான், எனினும் நாடகத்தின் இறுதிப் பகுதிக்கு அது போதிய இடம் தரவில்லை என்றே நாம் கருதுகின்றோம். குருட்டுக் குறிசொல்லியின் எச்சரிக்கையால் கிரியோன் மனம் மாறுகின்றான். முதலில் பெண்ணை விடுவி, பின்னர் பிணத்தை அடக்கு என்கின்றனர் முதியோர். அவனோ பிணத்தை அடக்கிவிட்டே குகைக்குச் செல்கின்றான். அதற்குள் அவள் தூக்கிட்டு மாண்டுவிடுகின்றாள். அரசின் தேவை ஒரே நாளில் மாறிவிட்டது. அதற்குப் பலியானவள் மீளவில்லை.

1948இல் பாரிசில் மேடையேறிய சார்த்தரின் 'அழுக்கான கைகள்' இவ்விடயத்தை நம் காலத்துக்குக் கொண்டுவருகின்றது. இல்லீரியா என்னும் கற்பனை நாட்டிலே, உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், பாட்டாளிக் கட்சித் தலைவன் ஹோடரர் அரச தரப்போடும் முதலாளித்துவக் கட்சியோடும் உடன்பாடு காண முயல்கின்றான். கட்சியின் மற்றொரு பிரிவு இதனைத் துரோகமெனத் தீர்மானித்து, அவனைக் கொல்ல ஹியூகோ என்னும் செல்வக் குடும்பத்து இளைஞனை அனுப்புகின்றது. ஹியூகோ சுட்டது கொள்கைக்காகவா, தன் மனைவியை ஹோடரர் முத்தமிடக் கண்ட ஆத்திரத்தாலா என்பது அவனுக்கே தெளிவில்லை. (விமரிசகர் பலர் இப்புதிரிலேயே தங்கிவிடுகின்றனர், நமக்கு அஃது அத்துணை முக்கியமன்று.) அவன் சிறையிலிருந்து மீளும்போது, சோவியத்துடன் அறுந்திருந்த தொடர்பு மீண்டும் ஏற்பட்டு, ஹோடரரின் கொள்கையையே கட்சி ஏற்றிருக்கின்றது. கொல்லப்பட்டவன் இப்போது மாவீரன். கொன்றவனோ, தன் செயலின் அரசியற் காரணத்தை மறந்துவிட்டால் கட்சியில் மீண்டும் இடம்பெறலாம், மறுத்தால் சாவு. ஹியூகோ மறுக்கின்றான்.

ஹோடரரும் பொய் சொல்லத் தயங்காதவனே. ஆனால் தன்னைக் கொல்ல வந்தவன் என்று அறிந்தும் அவ்விளைஞனைப் பேசித் திருத்த முயல்கின்றான். அவனுக்கு முதுகு காட்டி நிற்கவும் துணிகின்றான். தான் நம்பிய தேவைக்குரிய விலையைத் தன் உயிராலே ஈடுகாட்டியவனையும், பிறன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தனுப்பியவர்களையும் ஒரே தராசில் வைக்க நாம் உடன்படோம்.

பொதுவுடைமை எதிர்ப்பாளர் இந்நாடகத்தைத் தமக்குச் சாதகமாக்கிக் கொண்டனர். அதனால் 1950களில், அவ்வந்நாட்டுக் கம்யூனிஸ்டுக் கட்சி இசைந்தாலன்றி இதனை மேடையேற்றலாகாதெனச் சார்த்தரே நிபந்தனை விதித்தார். தேவை நாடகாசிரியரையும் விட்டுவைக்கவில்லை. வரலாறோ அவருடைய அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. 1949 ஒக்டோபரில், ஹங்கேரியின் முன்னாள் அமைச்சர் லாஸ்லோ ராய்க், டிட்டோவின் ஒற்றன் என்ற பொய்க் குற்றச்சாட்டின் பேரில் தூக்கிலிடப்பட்டார். 1956 ஒக்டோபர் 6ஆம் நாள், அதே கட்சியின் ஆட்சி அவரது எச்சங்களைத் தோண்டியெடுத்துப் புடாபெஸ்டில் மரியாதையுடன் மறு அடக்கம் செய்தது. பெருந்திரளான மக்கள் நடந்து சென்ற அவ்விடத்தில், தந்தையைக் கைக்குழந்தையாயிருந்தபோதே இழந்த ஏழு வயது மகனுடன் அவர் மனைவி ஜூலியா நின்றார்.