நூறு வேலைக்கு ஒரு மனம்

1887-இல் பம்பாயின் பிராம்ஜி காவஸ்ஜி அரங்கில் 19 வயது இளைஞர் ஒருவர், ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைக்கும் சதாவதானம் நிகழ்த்தினார். கத்தியவாரைச் சேர்ந்த அவர் பெயர் ராய்சந்த். ஸ்ரீமத் ராஜசந்திரர் என்று பிற்பாடு சமணர்கள் போற்றியது இவரைத்தான்.

அவதான மேடையின் கெடுபிடி சாதாரணமல்ல. ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், இன்னொருவர் பெருக்கல் கணக்குப் போடச் சொல்வார். முதுகில் நெல்மணிகள் வந்து விழுந்தபடி இருக்கும். எத்தனை என்று கடைசியில் சொல்லியாக வேண்டும். நடுநடுவே மணி அடிக்கும், அதற்கும் எண்ணிக்கை உண்டு. தெலுங்கு அவதானத்திலோ வம்பளந்து கவனத்தைக் கலைப்பதற்கென்றே ஓர் ஆளை உட்கார வைத்துவிடுகிறார்கள்! கவித்திறம், கணக்கு, நினைவு, பொறுமை எல்லாம் வெவ்வேறு ஆற்றல்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் இயங்குமா?

இயங்காது என்கிறது நியாய தரிசனம். இரண்டு அறிவுகள் ஒரே கணத்தில் பிறப்பதில்லை. மனம் என்று ஒன்று இருப்பதற்கு அதையே அடையாளமாகக் காட்டுகிறார் நியாய சூத்திரத்தின் ஆசிரியர் கௌதமர். கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிவதுபோல, வேகம்தான் நம்மை ஏமாற்றுகிறது. அப்படிப் பார்த்தால் சதாவதானி செய்யும் அருஞ்செயல் ஒன்றே ஒன்று: ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்துக்குப் பிசகாமல் திரும்பி வருவது.

ராய்சந்த் சுமார் 20 வயதில் அவதானத்தை விட்டுவிட்டார். ஆன்ம விடுதலைக்கு அது குறுக்கே நிற்கும் என்று எண்ணினார். கைத்தட்டல் ஆணவத்தை வளர்க்கும் என்ற அச்சம் புரிகிறது. ஆனால் திறமையைத் துறப்பதுதான் வழியா? கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் சதாவதானம் செய்தார். சதாவதானி என்ற பட்டமும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இஸ்லாமியரான அவர் வள்ளலாரின் அருட்பாவுக்காகவும் வாதாடினார். ஆணவம் பிடித்த மனம் அடுத்தவர் மரபுக்காக அவ்வளவு மெனக்கெடுமா என்ன!

1891-இல் பாரிஸ்டராகத் திரும்பிய காந்தி, ராய்சந்தின் நினைவாற்றலைச் சோதித்துப் பார்த்தார். தாம் கற்ற ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் எழுதி வாசித்தார். அதே வரிசையில் ஒப்பித்துவிட்டார் ராய்சந்த். காந்திக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அந்தத் திறனில் அவர் மயங்கிவிடவில்லை. அவரை ஈர்த்தவை ராய்சந்தின் சாத்திர ஞானமும் ஒழுக்கமும் ஆன்மத் தேடலும்தான்.

1894-இல் மதக் குழப்பம் வந்தபோது, காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து 27 கேள்விகளை ராய்சந்துக்கு எழுதியனுப்பினார். அவற்றில் ஒன்று: பாம்பு கடிக்க வந்தால் கடிக்க விடுவதா, கொல்வதா? கடிக்க விடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது என்ற பொருளில் பதில் எழுதினார் ராய்சந்த். உடல் அழியக்கூடியது என்று உணர்ந்தவர், அதைக் காப்பதற்காக இன்னோர் உயிரைக் கொல்வது எப்படிச் சரியாகும் என்று கேட்டது அடுத்த வரி.