மின்நிலையத்துள் காமிரா

லண்டனில் பாட்டர்ஸீ மின்நிலையத்தின் பழைய கட்டுப்பாட்டு அறையைக் காட்டும் புகைப்படங்கள் ஏராளம். பளிங்குச் சுவர், மரத்தளம், கண்ணாடிச் சதுரங்கள் பதித்த கூரை, வரிசை வரிசையாக மீட்டர்கள். 1930களின் அலங்கார மோஸ்தர். அநேகமாக எதிலும் மனிதன் இல்லை. இந்த இன்மையை அழகென்று ஏற்பதா, பொய்யென்று தள்ளுவதா என்பது ரசனைப் பிரச்னை மட்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.

பாதிப் பழி ஒளியியலைச் சேரும். இத்தகைய கூடங்கள் இருண்டவை. அருகிலுள்ள மீட்டரும் தொலைவிலுள்ள சுவரும் ஒருசேரத் துல்லியமாக விழ லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் பல விநாடிகள் திறந்து வைக்க வேண்டும். அந்த விநாடிகளில் அசையாதது பதிகிறது. குறுக்கே நடந்தவன் புகையாகிறான், அல்லது அடியோடு இல்லாமற் போகிறான். நின்றுபோன எந்திரத்தைவிடப் பொறுமையாகப் படத்துக்கு இருந்து கொடுப்பது வேறேது?

மறுபாதி சரித்திரத்தில் இருக்கிறது. நிலையத்தின் முதற்பகுதி 1975இலும் மற்றது 1983இலும் மூடப்பட்டன. அதன்பின் எந்திரங்களை அப்புறப்படுத்த பாய்லர் கூடத்தின் கூரையைப் பெயர்த்தார்கள். நிலக்கரியும் சாம்பலும் வெக்கையுமாக ஆட்கள் உழன்ற இடம் வருஷக்கணக்கில் வானம் பார்த்துக் கிடந்து, 2022இல் கடைகளும் அலுவலகங்களுமாகத் திறக்கப்பட்டது. பளிங்கறை தப்பியது. எது படமாக வேண்டும் என்பதைக் கட்டியவர்களே காமிராவுக்கு முன்பாகத் தீர்மானித்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். (பேரேட்டிலும் இப்படித்தான். கூட்டுத்தொகை சரியாக இருந்தால் எழுதிய கையை யாரும் விசாரிப்பதில்லை.)

லூயிஸ் ஹைன் 1920இல் எடுத்த மின்நிலைய மெக்கானிக்கின் படத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நீராவிப் பம்பின் முன் குனிந்து, பெரிய ஸ்பானரால் நட்டை முடுக்குகிறான். முதுகின் வளைவு எந்திரத்தின் வட்டத்தோடு இசைந்து போகிறது. வேலை செய்கிறவன் இப்படி நிற்பதில்லை, நிற்கவைக்கப்பட்டிருக்கிறான். சுரங்கங்களிலும் ஆலைகளிலும் குழந்தைத் தொழிலாளரைப் படமெடுத்துச் சாட்சியம் திரட்டிய அதே ஹைன் இங்கே ஜோடனை செய்கிறார். தொழிற்சாலையின் புகைப்படம் அந்த ஸ்தாபனத்தைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்லாது, எனவே எதையேனும் செயற்கையாகக் கட்டியாக வேண்டும் என்ற பிரெக்ட்டின் கருத்தை பெஞ்சமின் 1931இல் எடுத்தாண்டார். ஹைன் அதற்குப் பதினோரு வருஷம் முன்பே கட்டிவிட்டார்.

பாட்டர்ஸீ படங்களில் ஒவ்வொரு முள்ளும் உண்மை. மொத்தமும் உண்மையா என்றால் தயங்க வேண்டியிருக்கிறது. ஹைனிடம் நிற்கும் நிலை பொய், ஆள் நிஜம். இரண்டில் ஒன்றென்றால் நான் ஹைன் பக்கம்.

ஆனாலும் ஒரு நெருடல். அந்த வளைவு அத்தனை கச்சிதமாகப் பொருந்துவதே சந்தேகம் தருகிறது. அவன் எந்திரத்தை ஆள்கிறானா, அதன் இன்னொரு உறுப்பாகிவிட்டானா? புஜத்தின் திரட்சியை வைத்து முதலாவது என்கிறார்கள். எனக்குக் கவிழ்ந்த அந்தத் தலைதான் கண்ணில் படுகிறது. படத்தின் தலைப்பில் அவனுடைய தொழில் இருக்கிறது, பெயர் இல்லை.