கட்டும் அவிழ்ப்பும்

சர்க்கரை பற்றிய நம் விவாதங்கள் கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டாமா என்பதோடு நின்றுவிடுகின்றன. பொருளாதாரத்துக்கு அது போதும்; அறத்துக்குப் போதாது என்பது என் கட்சி. கட்டுகிறபோது யாரைக் கட்டினோம், அவிழ்க்கிறபோது யாரை முதலில் அவிழ்த்தோம் என்றும் கேட்டாக வேண்டும்.

1966-ன் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, இன்ன பகுதியில் விளைவது இன்ன ஆலைக்கு என்று ஒதுக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெட்டிய கரும்பு காத்திருக்காது; நாள் ஏற ஏறச் சாறு வற்றும், சர்க்கரை குறையும். ஆலையும் அரவைப் பருவத்தின் நடுவே கரும்பில்லாமல் நிற்க முடியாது. ஆலைமீதும் ஒரு கட்டு இருந்தது. 1967-ல் வந்த பாதிக் கட்டுப்பாட்டின்படி உற்பத்தியில் 60 சதவீதத்தை லெவியாகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, மீதியை வெளிச்சந்தையில் விற்றது. ரேஷன் கடைக்கு வந்தது அந்த லெவிச் சர்க்கரை. விவசாயி ஆலைக்கும், ஆலை அரசுக்கும், அரசு அட்டைதாரருக்கும் கட்டுப்பட்ட ஒரு சங்கிலி இது. அட்டைதாரர் மட்டும் யாருக்கும் கட்டுப்பட்டவராக இல்லை.

2012-ல் ரங்கராஜன் குழு, பகுதி ஒதுக்கீடு உட்பட இந்தச் சங்கிலியைக் கழற்றச் சொன்னது. மறு ஆண்டே மத்திய அரசு, 10 சதவீதமாகச் சுருங்கியிருந்த லெவியை நீக்கியது; ஆலைகள் இவ்வளவுதான் விற்கலாம் என்ற அளவுமுறையையும் நீக்கியது. பகுதி ஒதுக்கீட்டை மட்டும் மாநிலங்களின் முடிவுக்கு விட்டது. ஆலையின் கட்டு அவிழ்ந்தது. விவசாயியின் கட்டு பரிசீலனைக்குப் போயிற்று. 2018-ல் சர்க்கரை விலை சரிந்தபோது மாத ஒதுக்கீடு திரும்பி வந்தது. கிலோ 29 ரூபாய்க்குக் குறைத்து ஆலைகள் விற்கக் கூடாது என்ற விதியும் கூடவே வந்தது. விவசாயிகளின் பாக்கி தீர வேண்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் முதலில் கைத்தாங்கல் கிடைத்தது ஆலைக்குத்தான்.

கரும்பு கொடுத்த 14 நாளில் பணம், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்றும் அதே 1966 ஆணை சொன்னது. நான் வங்கிக் குமாஸ்தா. தவணை தவறியவர் கணக்கில் யாரும் கேட்காமலே வட்டி ஏறுவதைத் தினமும் பார்க்கிறவன். விவசாயிக்கு வர வேண்டிய வட்டியோ, ஆலை வாசலில் உட்கார்ந்து கேட்டாலும் வருமென்ற நிச்சயமில்லை. ஒரு வட்டி தானாக நடக்கிறது. இன்னொன்றை அவர் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

கே.கே. நகரில் எங்கள் தெருவில் அரிசி வேண்டாமென்று கூடுதல் சர்க்கரை வாங்கும் அட்டைகள் உண்டு. 2017 நவம்பரில் ரேஷன் சர்க்கரை 13.50-லிருந்து 25 ரூபாயானபோது வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. நியாயமான முணுமுணுப்பு. அதில் கரும்பு என்ற சொல் மட்டும் வரவில்லை. மலிவாக வாங்குவது பாவமில்லை. ஆனால் ஒருவர் கட்டுண்டு கிடப்பதால் மற்றவருக்கு நன்மை வருமானால், அந்தக் கட்டின் நியாயத்தைக் கேட்கும் கடமையும் நன்மையோடு சேர்ந்தே வருகிறது. சங்கிலியில் நம் கண்ணி அதுதான்.

பகுதி ஒதுக்கீடு வேண்டுமென்றால், பதினைந்தாம் நாள் வட்டி தானாக ஏறட்டும். அது முடியாதென்றால், விரும்பிய ஆலைக்கு விவசாயி வண்டியைத் திருப்பிக்கொள்ளட்டும்.