கயிறு கட்டிக் கொடுப்போம்



தண்டியடிகள் நாயனார் திருவாரூரில் பிறவியிலேயே கண் தெரியாதவர். கோயில் குளம் தூர்ந்து சுருங்கியபோது தாமே தோண்டப் புறப்பட்டார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு, இடையில் ஒரு கயிறு. அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். அவருக்குப் பார்வை கிடைத்த அற்புதத்தைத்தான் எல்லாரும் பேசுவோம். பொறியியல் படிக்கிற எனக்கு அந்தக் கயிறுதான் பெரிசாகத் தெரிகிறது. அற்புதம் நடக்கிற வரைக்கும் தொண்டை நடத்தியது அதுதானே?

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் மஞ்சள் கற்கள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அந்த மஞ்சள் கோடும் ஒரு கயிறுதான். காசு விஷயத்தில் மட்டும் நாம் கயிறு கட்டுவதில்லை.

நம்மை அம்மா கடைக்கு அனுப்பினார். மீதிக் காசு எண்ணப் பழகினோம். இல்லத்தில் வளரும் மாற்றுத்திறனாளிப் பிள்ளையைக் கடைக்கு அனுப்ப யார் இருக்கிறார்கள்? தீபாவளிக்குப் போகும் நாமும் அங்பாவைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டு வருகிறோம். "பாவம், அதுக்கு என்ன தெரியும்" என்கிறோம்.

2001-ஆம் ஆண்டு சிறுவர் சட்டப்படி 18 வயதானால் அவர் சிறுவர் இல்லை. வங்கி அட்டை கைக்கு வரும். "கார்டைக் கொடு, மாசம் காசு தர்றேன்" என்று ஒருவன் வருவான். மோசடிப் பணம் அந்தக் கணக்கில் ஓடும். போலீஸ் தேடி வருவது அட்டைக்காரரைத்தான்.

ஞாயிறு தேவார வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குவோம். விளையாட்டுக் காசு வேண்டாம், உண்மைக் காசே வேண்டும். 5, 10 சென் வெள்ளை நிறம். 20, 50 சென் மஞ்சள். ஒரு வெள்ளித் தாளைவிட நூறு வெள்ளித் தாள் நீளம்; பார்வையில்லாதவர் விரலால் அளக்கலாம். பஸ், சாப்பாடு, சேமிப்பு என்று மூன்று டின் வைப்போம். பிறகு பிள்ளையே ரொட்டி சானாய் வாங்கி மீதியை எண்ணட்டும். கடையில் 4.98 வெள்ளிக்கு 5 வெள்ளி கேட்டால் அது ஏமாற்று இல்லை, 2008 முதல் உள்ள முறை என்று சொல்லிக் கொடுங்கள். அட்டையின் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது, நமக்கும்கூட. பணம் ஏமாந்தால் உடனே 997-க்கு அழைக்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே வேகம் வராது. எண்ணுவதற்குள் கையிலிருந்து பிடுங்காதீர்கள்.

நாயனாரின் கூடையை வேறொருவர் சுமந்திருந்தால் அது அவருடைய தொண்டாகியிருக்காது. இந்தத் தீபாவளிக்கு அங்பாவைப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். கூடவே கடை வரைக்கும் நடங்கள்.

திருச்சிற்றம்பலம்.