பொறுமையும் புறக்கணிப்பும்

வலியை வெளியில் சொல்லாமல் தாங்கிக்கொள்வது ஓர் உயர்ந்த குணம் என்று நம்மில் பலர் எண்ணி வருகிறோம். அது எப்பொழுதும் உயர்ந்த குணந்தானா, அல்லது சில வேளைகளில் பொறுமையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் வேறொன்றா என்பதை இங்கே சிறிது ஆராய விரும்புகிறோம். ஏட்டுச் சர்ச்சைக்காக இதை எடுத்துக்கொள்ளவில்லை. நமது சொந்த அனுபவமே நம்மை இக்கேள்வியின் முன் நிறுத்தியது.

நாம் பேசப்போகும் வியாதி வர்த்தகச் சகோதரர்களுக்குப் புதிதன்று. இடுப்பில் தோன்றிப் பிட்டத்தின் வழியே தொடையின் பின்புறம் இறங்கி, கெண்டைக்காலைக் கடந்து பாதம் வரை ஓடும் வலி அது. சிலருக்கு மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்கும், சிலருக்கு எரியும், சிலருக்குக் கால் மரத்துப்போகும். டாக்டர்கள் இதைச் சயாட்டிகா என்கிறார்கள். அரபு வைத்தியத்தில் இதன் பெயர் இர்குன் நஸா. 1037-ல் மறைந்த இப்னு ஸீனா தமது ‘கானூன்’ என்னும் பெருநூலில் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். ஆயுர்வேதத்தார் இதைக் கிருத்ரசி என்பர். நோயாளியின் நடை கழுகின் நடைபோல் ஆகிவிடுவதால் வந்த பெயர் அது. மலாய்க்காரர்கள் இதையும் மற்ற இடுப்பு வலிகளையும் சேர்த்துச் ‘சாக்கிட் பிங்காங்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். ஆக, எல்லாச் சமூகத்தாரும் அறிந்த பழைய நோய் இது.

காலையில் கடையைத் திறந்ததும் மூட்டை இறக்குகிறோம். பிறகு பெட்டியடியில் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் எழுந்திருப்பதில்லை. குனிவதும், தூக்குவதும், அசையாமல் உட்காருவதுமாகவே நம் வாழ்நாள் கழிகிறது. இவ்வலி நம் வாசலுக்கு வருவதில் வியப்பில்லை.

நமக்கு வந்ததும் அவ்வாறுதான். ஒருநாள் காலை 50 கிலோ சீனி மூட்டையைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்தது. ஒரு வாரத்திற்குள் வலி வலது காலில் இறங்கிவிட்டது. தைலம் தேய்த்தோம். சுளுக்கு எடுப்பவரிடம் போய் உருவிக்கொண்டோம். அன்றிரவு வலி இரட்டிப்பாயிற்று. பின்னர் ஒரு நண்பர் பெயர்ச்சீட்டு இல்லாத சில மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டே நாளில் வலி பறந்தது! நண்பரை வாழ்த்தினோம். இரண்டு மாதத்தில் முகம் உப்பியது. அடங்கியிருந்த சர்க்கரை ஏறியது. மாத்திரையை நிறுத்தினோம், வலி பழையபடி வந்து சேர்ந்தது. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று பின்னாளில் டாக்டர் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. மூட்டுவலிக்கென்று விற்கப்படும் சில மருந்துகளில் இத்தகைய கலப்பு இருப்பதாக மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சுகாதார அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். நாம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதன்பின் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தோம். “எலும்பில் ஒன்றுமில்லை” என்றார்கள். நமக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தோம். ‘எலும்பில்’ என்ற சொல்லை அங்கேயே விட்டுவிட்டோம். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். நரம்பையும், எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் என்னும் வட்டையும் காட்டாது. இதை நாம் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இவ்வாறு இரண்டு ஆண்டுகள் சென்றன. அந்த இரண்டு ஆண்டுகளையும் பொறுமையின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டோம். யாராவது விசாரித்தால், “வயசாகுதுல்ல, இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்” என்று சிரித்துக்கொள்வோம். பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழ வெட்கப்பட்டு, கடையின் பின்னறையிலேயே தொழுதுகொண்டோம். சரக்குக்காரர்கள் நாம் நொண்டுவதைப் பார்த்தால் கடன் கொடுக்கத் தயங்குவார்களோ என்று அவர்கள் வரும்போது எழுந்திருக்காமலே இருந்தோம்.

கடைசியில் நம்மை எழுப்பியது வலியன்று. ஒரு மாலை கடைக்குள் நுழைந்து பெட்டியடியில் உட்கார்ந்தோம். தம்பி மகன், “பெரியத்தா, வலது கால் செருப்பு வாசல்லயே கெடக்கு. நீங்க ஒத்தச் செருப்போட வந்திருக்கீங்க” என்றான். குனிந்து பார்த்தோம். உண்மைதான்! செருப்பு கழன்றதே நமக்குத் தெரியவில்லை.

மறுநாள் டாக்டரிடம் போனோம். அவர் உடனே இயந்திரத்தைத் தேடவில்லை, கேள்வி கேட்டார். வலி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, இருமினால் அதிகமாகிறதா, நின்றால் குறைகிறதா, உட்கார்ந்தால் குறைகிறதா, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா என்றெல்லாம் விசாரித்தார். படுக்கவைத்துக் காலை மடக்காமல் உயர்த்தினார், பாதியிலேயே அலறினோம். குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது பாதம் தூக்க வரவில்லை. பெருவிரலை மேலே தள்ளச் சொல்லித் தம் விரலால் அழுத்தினார். ஒரு குழந்தையின் பலம்கூட அதில் இல்லை. பத்து நிமிஷத்தில், எந்த நரம்பு வேர் நசுங்கியிருக்கிறது என்பதைக் கைகளாலேயே ஏறக்குறையக் கண்டுவிட்டார். எம்.ஆர்.ஐ. படம் அதையே உறுதிப்படுத்தியது. “வலிக்காகக் காத்திருக்கலாம், பலவீனம் கூடிக்கொண்டே போகும்போது காத்திருக்கக் கூடாது” என்றார்.

அறுவை சிகிச்சை நடந்தது. கால் வலி பெரும்பாலும் நீங்கியது. பாதத்தின் பலமும் மெல்லத் திரும்பியது. ஆனால் பெருவிரலின் மரப்பு இன்றும் போகவில்லை. அரைமணிக்கு மேல் உட்கார்ந்தால் இடுப்பு எச்சரிக்கிறது. “முன்னமே வந்திருந்தால் இந்த மரப்பு இருந்திராதா?” என்று கேட்டோம். “இல்லாமல் போயிருக்கலாம். உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது” என்றார். அந்த உண்மையான பதிலுக்காக அவரை இன்றும் மதிக்கிறோம்.

இப்போது கேள்விக்கு வருவோம். அந்த இரண்டு ஆண்டுகளில் நாம் செய்தது பொறுமையா?

பொறுமை என்பது மாற்ற முடியாததை முறையிடாமல் ஏற்பது. மாற்றக்கூடியதற்கு உரிய காலம் வரை நிலைகுலையாமல் உழைப்பது. நம் வலி இவ்விரண்டில் எது என்பதே நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. இன்னதென்று அறியாத ஒன்றை எப்படிப் பொறுத்துக்கொள்ள முடியும்? நம்மிடம் இருந்தது அச்சம். ‘ஆப்பரேஷன்’ என்ற சொல்லுக்கு அஞ்சினோம், செலவுக்கு அஞ்சினோம், கடை பூட்டிக் கிடக்குமே என்று அஞ்சினோம், ‘ஆள் முடிந்துபோனார்’ என்று பிறர் பேசுவார்களே என்று எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்சினோம். அந்த அச்சத்திற்குப் பொறுமை என்று பெயர் சூட்டிக்கொண்டோம்.

உண்மையில் சயாட்டிகா என்பது வலியின் பெயர். காரணத்தின் பெயர் அன்று. காய்ச்சல் என்று சொன்னால் அது மலேரியாவா, டெங்குவா என்று தெரியாததுபோலத்தான் இதுவும். நேப்பிள்ஸ் நகரத்து கொட்டுன்யோ என்ற வைத்தியர், இவ்வலி நரம்பைச் சார்ந்தது என்று 1764-ல் நூல் எழுதினார். பிதுங்கிய வட்டு அந்நரம்பின் வேரை அழுத்துவதே பலருக்குக் காரணம் என்பதை பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் எடுத்துக்காட்டினார்கள். இடையே 170 ஆண்டுகள்! அத்தனை காலமும் வலிக்குப் பெயர் இருந்தது. அதன் முக்கியமான காரணம் தெளிவாகவில்லை. இன்று காரணம் தெரிந்துகொள்ளும் வழி இருக்கிறது. இருந்தும் பெயரோடு நின்றுவிடுவது எந்த வகையில் நியாயம்?

காரணங்கள் பல. வட்டு பிதுங்கலாம். வயோதிகத்தில் முதுகுத்தண்டின் துவாரம் சுருங்கலாம்; அப்படிப்பட்டவர் நடந்தால் கால் கடுக்கும், உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ தணியும். ஆனால் காலின் இரத்தக்குழாய் அடைபட்டவருக்கும் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும். அவருக்குச் சும்மா நின்றாலே தணிந்துவிடும். சர்க்கரை நோயாளியின் பாதம் நரம்புக் கெடுதலால் எரியலாம். இடுப்பு மூட்டின் தேய்மானமும் தொடை வலியாக வரலாம். அபூர்வமாக, காசநோயோ கட்டியோ முதுகெலும்பில் இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே தைலத்தைத் தேய்ப்பது, என்ன சரக்கு குறைந்தது என்று பாராமலே கொள்முதல் செய்வது போன்றதாகும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும்.

‘இவ்வலி பெரும்பாலும் தானாகவே போய்விடுமே’ என்பது முதல் மறுப்பு. அது மெய்யே. ஹாலந்து தேசத்து டாக்டர்கள் 183 நோயாளிகளைக்கொண்டு நடத்தி 1999-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தவர்களும் கிடக்காதவர்களும் பன்னிரண்டாவது வாரத்தில் ஒரே அளவில், நூற்றுக்கு 87 பேர், தேறியிருந்தார்கள். 2007-ல் அதே தேசத்தில் 283 பேரைப்பற்றி வெளியான மற்றோர் ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்தவர்களுக்கு வலி விரைவில் நீங்கியது. ஆனால் ஓராண்டின் முடிவில் காத்திருந்தவர்களும் அதே அளவு குணமடைந்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் பிறகு அறுவைக்குச் சென்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆகவே காத்திருப்பது தவறன்று. ஆனால் அவர்கள் சோதித்துப் பார்க்கப்பட்டபின் காத்திருந்தவர்கள்; என்ன மாற்றம் வந்தால் திரும்ப வரவேண்டும் என்று அறிந்து காத்திருந்தவர்கள். தவணை குறித்துக் கொடுத்த கடனுக்கும், யாரிடம் கொடுத்தோம் என்றே மறந்துவிட்ட கடனுக்கும் வித்தியாசம் இல்லையா?

‘படம் எடுத்தால் இல்லாத நோயையும் காட்டுவார்கள்’ என்பது இரண்டாவது மறுப்பு. இதிலும் உண்மை உண்டு. முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து அமெரிக்காவில் 1994-ல் வெளியான ஆய்வில், பாதிப்பேருக்கு மேல் ஏதாவதொரு வட்டு வீங்கியிருந்தது. ஆகவே படம் மட்டும் தீர்ப்பாகாது. நோயாளியின் சொல்லும், வைத்தியரின் கையும், படமும் ஒத்துப்போகவேண்டும். பேரேடும் இருப்பும் ஒத்துப்போனால்தானே ஐந்தொகை சரியாகும்? படத்தை மட்டும் பார்த்துவிட்டு நோயாளியைத் தொடாமல் முடிவு சொல்பவரிடம், இன்னொரு அபிப்பிராயம் கேட்பது அவமரியாதை ஆகாது.

‘நோய் இறைவனின் சோதனை, தாங்கிக்கொள்வதே நன்மை’ என்பது மூன்றாவது. சோதனை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மருந்து தேடுவதை மார்க்கம் தடுக்கவில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். பிறர் வைத்துச் சென்ற பொருள் ஒழுகும் கூரையின் கீழ் நனைவதைப் பார்த்துக்கொண்டு, ‘பொறுமையாக இருக்கிறேன்’ என்று எந்த வியாபாரியும் சொல்லமாட்டான்.

எல்லாவற்றையும்விட நம்மை உறுத்துவது ஒன்று உண்டு. நாம் வலியைத் தனியாகத் தாங்கியதாக நினைத்தோம், அது பொய். தம்பி மகன் நம் பங்கு மூட்டைகளையும் சேர்த்துத் தூக்கினான். சரியாகத் தூங்காத நாம் அற்பப் பிழைக்கெல்லாம் அவனை வாடிக்கைக்காரர் முன் ஏசினோம். வீட்டில் அவர்கள் நம் முகத்தைப் பார்த்துப் பேச அஞ்சினார்கள். நாம் பட்ட கடனை அவர்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். பாராட்டை மட்டும் நாம் பெற்றுக்கொண்டிருந்தோம்.

ஆகவே நம் முடிவு இது: விசாரிப்பது முதல் கடமை, பொறுமை அதற்குப் பின் வருவது. காரணம் அறிந்து, செய்யக்கூடியதைச் செய்தபின் மிஞ்சும் வலி ஒன்று உண்டு. நமக்கும் அது மிஞ்சியிருக்கிறது. அரைமணிக்கொருமுறை எழுந்து கடைக்குள் நடக்கிறோம். மாலையில் அரைமைல் நடக்கிறோம். பள்ளியில் கூச்சமின்றி நாற்காலி கேட்கிறோம். இந்த மிச்ச வலியைத் தாங்குவதைத்தான் இன்று பொறுமை என்று சொல்லத் துணிகிறோம்.

சகோதரர்கள் ஒன்றை மட்டும் மறவாதிருக்கவேண்டும். கால் வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தாலும், சிறுநீர் வராமல் நின்றாலும், இரு தொடைகளுக்கிடையே உணர்ச்சி அற்றாலும், கால் நாளுக்கு நாள் பலம் குன்றினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கடை அடைக்கும் நேரம் வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோ, காரணமில்லாத மெலிவோ, இரவில் தூங்கவிடாத முதுகுவலியோ சேர்ந்து வந்தாலும் தாமதம் ஆகாது. மற்றவர்கள், வலி எந்நாளில் தொடங்கியது, எவ்வழியே ஓடுகிறது, எதில் கூடுகிறது, என்னென்ன மருந்து தின்றோம் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துச் செல்லட்டும். பெயரில்லா மாத்திரையையும் மறைக்காமல் எழுதட்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. முதலாளிக்கு வலி வந்தால் கடையை அடைத்துவிட்டாவது டாக்டரிடம் போகலாம். கடைப் பையனுக்கு வந்தால்? வேலை போய்விடுமோ என்று அவனும் வாய்மூடி இருப்பான். அவனுடைய பொறுமையை நாமும் மெச்சிக்கொள்வோம். நாளைக் காலை மூட்டை இறக்கும்போது, எவனாவது தொடையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறானா என்று பாருங்கள். நின்றால், அவன் வாய் திறக்கும்வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள்.